பூட்டும் கேமராவும் சரி, மேட்டுக்கு வழி எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கடற்கரை ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றியும் அவற்றில் நடக்கும் திருட்டுகளைப் பற்றியும் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். என் தெருவிலேயே அப்படி நாலு வீடு உண்டு. பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பார்கள். மாடி வீட்டு வாசலில் துளசிச்செடி காய்ந்து நிற்கும், கேட்டுக்குள் விழுந்த கல்யாணக் கடிதம் மழையில் ஊறிக் கிடக்கும். கேமரா வையுங்கள், வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அறை கொடுத்தால் ஆதார் நகல் வாங்கி வையுங்கள் என்று கட்டுரை முடிந்திருந்தது. எல்லாம் சரிதான். அந்தக் கடைசி வரி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் நகல் கொடுத்துவிட்டு ஓர் ஊருக்குள் போன அந்நியன்தான்.

நான் மணவாளக்குறிச்சி பக்கத்துக்காரன். கொத்தனாருக்குக் கையாளாகத் தொடங்கி, கட்டட மேற்பார்வையாளனாக ஓய்வுபெற்றவன். சுனாமிக்குப் பிறகு நம் கரையில் வீடு கட்டிக் கொடுத்த ஒரு தொண்டு அமைப்பு 2006-இல் என்னை இந்தோனேசியாவுக்கு அனுப்பியது. சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் சிமுலுவே என்ற தீவு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் பிறந்தது அதன் பக்கத்தில்தான். போதாததற்கு 2005 மார்ச் 28-இல் 8.6 அளவில் இன்னொன்று வந்து, மிச்சம் நின்ற கான்கிரீட் கட்டடங்களையும் தள்ளிவிட்டிருந்தது. பலகை வீடுகள் ஆடிவிட்டு நின்றன. கான்கிரீட்டை நம்பிப் பிழைத்தவனுக்கு அந்தத் தீவு சொன்ன முதல் செய்தி அது.

சுமத்ராவின் மேடான் நகரம் வரை விமானம், அப்புறம் பஸ், லாபுஹான் ஹாஜி என்ற துறையில் ஏறினால் இரவு முழுக்கக் கப்பல், விடியும்போது தீவின் துறைமுக ஊரான சினாபாங். அங்கிருந்து எனக்கு ஒதுக்கிய ஊருக்கு பைக்கில் பாதி நாள். பாலம் உடைந்த இடங்களில் தென்னந்தடியைப் போட்டு அதன்மேல் பைக்கை உருட்டினார்கள். நூறு வீடுகூட இல்லாத ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அங்கே இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊருக்குள் நுழையும்போதே மூக்கு சொல்லிவிட்டது. சாலை ஓரமெல்லாம் பாய் விரித்துக் கிராம்பு காயப் போட்டிருந்தார்கள். நம் மாவட்டத்து மாறாமலைக் கிராம்பு எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்புக்கு ஒட்டுவேலை பார்த்திருக்கிறேன், அதே மணம். நாடு விட்டு நாடு வந்தும் மாறாமலையில் இறங்கியது போல இருந்தது. அந்த மணத்துக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. இந்தோனேசியாவில் விளையும் கிராம்பில் பெரும்பகுதி கிரெடெக் என்ற அவர்கள் ஊர்ச் சிகரெட்டுக்குள்தான் போகிறது. 1990-களில் அதிபர் சுகார்த்தோவின் மகன் கையில் கிராம்புக் கொள்முதல் முழுவதும் போய்விட்டது. விலை விழுந்தது, பல தோட்டங்களைக் காடாக விட்டுவிட்டார்கள். 1998-இல் சுகார்த்தோ விழுந்த பிறகுதான் அந்தப் பிடி விட்டது. நான் தங்கிய வீட்டுக்காரருக்கு நிலநடுக்கத்தை விட அந்த வருஷங்கள் மேல்தான் கோபம் அதிகம்.

போன அன்று இரவே என்னை ஊர்த்தலைவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கெப்பாலா டெசா என்பார்கள். இந்தோனேசியாவில் வெளியாள் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அது பழைய வழக்கம். தெரு முனைகளில் அதற்குப் பலகையே இருக்கும். தலைவர் ஒரு பள்ளிக்கூட நோட்டைப் பிரித்து என் பெயர், அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், யார் வீட்டில், எதுவரை எல்லாம் எழுதினார். காப்பி கொடுத்தார். பாதிச் சர்க்கரை அடியில் கரையாமல் கிடந்தது. நான் எழுந்து கும்பிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அவர் உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, வா என்று தலையை அசைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் சமையல்கட்டைத் தாண்டி, கோழிக்கூட்டைத் தாண்டி, ஒரு ஒற்றையடிப் பாதை மேலே ஏறியது. கிராம்புத் தோட்டம். வேர் துருத்திய இடத்திலெல்லாம் டார்ச்சை அடித்து நின்று, என் கால் பார்த்து வைக்கும்வரை காத்தார். ஒரு இடத்தில் பாறை. அதன்மேல் என் கையைப் பிடித்து வைத்து, இருட்டில் தடவிப் பார்க்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் ஏறினால் சமமான இடம், ஓலை வேய்ந்த ஒரு சின்னக் கொட்டகை, ஒரு தண்ணீர்ப் பானை. எங்களோடு வந்த மொழிபெயர்ப்புக்காரப் பையன் மூச்சிரைக்கச் சொன்னான்: "குலுங்கினால் இங்கே. யாருக்கும் காத்திருக்காதே. சாமான் எடுக்காதே. பகலில் நாளைக்கு நீயே ஒரு தடவை தனியாக ஏறிப் பார்."

பெயர் எழுதிய கையோடு வழி காட்டினார். இத்தனை வருஷம் கழித்து உங்கள் கட்டுரையை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

ஏன் அப்படி என்று பிறகு தெரிந்தது. 1907 ஜனவரியில் அந்தத் தீவை ஒரு பேரலை அடித்து, கணக்கில்லாத பேரைக் கொண்டுபோயிருக்கிறது. அதற்கு அவர்கள் பாஷையில் ஒரு சொல் உண்டு: ஸ்மோங். பிழைத்தவர்கள் அதைக் கதையாகப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நாஃபி-நாஃபி என்று பெயர். கிராம்பு பறிக்கும்போது, ராத்திரி சோறு உண்ட பிறகு, பிள்ளை தூங்க அடம்பிடிக்கும்போது, எப்போது வேண்டுமானாலும் வரும். கதையில் சங்கதி ஒன்றே ஒன்றுதான். பலமாக நிலம் ஆடினால், அதன்பின் கடல் வற்றினால், மலைக்கு ஓடு. அவ்வளவுதான். கிட்டத்தட்ட நூறு வருஷம் அந்த ஒரு வரியைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். 2004-இல் தீவின் மக்கள்தொகை சுமார் 78,000. செத்தவர்கள் ஏழு பேர். தீவின் வடக்கு முனையில் லாங்கி என்ற ஊர், சுமார் 800 பேர். நடுக்கம் நின்று எட்டு நிமிடத்தில் பத்து மீட்டர் உயர அலை வந்து ஊரைத் துடைத்துவிட்டது. ஊரில் ஒருவரும் சாகவில்லை. 2005-இல் ஐ.நா. இதற்காக அந்தத் தீவு மக்களுக்குப் பேரிடர்த் தடுப்புக்கான சசகாவா விருது கொடுத்தது. தீவுக்கு எதிரே, சுமத்ராவின் பெரிய நிலத்தில், அதே ஆச்சே மாகாணத்து மெலாபோவிலும் பண்டா ஆச்சேயிலும் அந்தச் சொல் இல்லை. அங்கே நடந்ததைச் சொல்லத் தேவையில்லை.

நமக்குக் கிடைத்தது வெறும் எட்டு நிமிடம் அல்ல. நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது. குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் மணக்குடிக்கும் அலை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. மணிக்கணக்கில் நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடலுக்குப் போகாமல் எல்லாரும் கரையில். கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்க இறங்கியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. மாவட்டத்தில் சுமார் 800 பேர் போனார்கள். என் அக்காவின் மாமியார் அதில் ஒருவர். உலர்த்திய நெத்திலியை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று திரும்பியிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே போன முதல் மாதத்தில் ஒரு மதியம் நிலம் ஆடியது. பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுப் பாட்டி என்னைப் பார்த்து "லாரி! லாரி!" என்று கத்தினார். சிமெண்ட் லாரி வந்துவிட்டது போல என்று நான் சாலையைப் பார்த்துப் போனேன். லாரி என்றால் அவர்கள் மொழியில் ஓடு. கெடாய் என்றால் கடை, காப்பால் என்றால் கப்பல், மோடால் என்றால் வியாபாரத்துக்குப் போடும் முதல் என்று நம் சொல்லாகவே எனக்குப் பல சொற்கள் அகப்பட்டிருந்தன. அந்தத் தைரியம்தான் காலை வாரியது. சுமத்ராவின் அதே மேற்குக் கரையில் பாரூஸ் என்ற ஊர்ப்பக்கம் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டியது. அவர்களுக்கு "லாரி" யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

இனி சொத்து விஷயம். நான் கட்டப்போனது 36 சதுர மீட்டர் வீடு, நம் கணக்கில் நாலு சதுரத்துக்கு, அதாவது நானூறு சதுர அடிக்கு, கொஞ்சம் குறைவு. வீடு கட்ட வேண்டுமானால் இடம் யாருடையது என்று தெரிய வேண்டுமே. அந்த ஊரில் யாரிடமும் பத்திரம் கிடையாது. பண்டா ஆச்சேயில் நில அலுவலகத்துக்குள்ளேயே கடல் புகுந்து, பதிவேடுகள் சேறாகிவிட்டன. அவற்றை உறையவைத்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய், ஜப்பான்காரர்கள் உதவியோடு ஈரத்தை இழுத்து உலர்த்தினார்கள். ஆனால் கிராமத்து நிலத்தில் பெரும்பாலானதற்கு உலர்த்துவதற்குக்கூடக் காகிதம் இருந்ததில்லை.

இருந்தது கமுகு மரம். இரண்டு பேர் நிலத்துக்கு நடுவில் கமுகு வைத்துவிடுவார்கள். நாங்கள் ஒரு நாள் முழுக்க எல்லை நடந்தோம். ஊர்த்தலைவர், இமாம், அந்த நிலத்துக்காரர், நாலு பக்கத்துக்காரர்கள், டேப்பின் ஒரு நுனியில் நான். ஒவ்வொரு மூலையிலும் பக்கத்துக்காரர் "ஆமாம், இதுதான்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபிறகுதான் குச்சி அடிப்போம். சாயங்காலம் அந்த வரைபடத்தைப் பள்ளிவாசல் சுவரில் ஒட்டி, மறுப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று சில வாரம் விட்டுவிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு ஆச்சே முழுவதிலும் அரசாங்கமே நிலத்தைப் பதிவு செய்தது இந்த முறையில்தான்: முதலில் ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் அலுவலகம்.

ஒரு மூலையில் மாட்டிக்கொண்டோம். கமுகு அலையில் போய்விட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர், நடுவில் ஒரு கிராம்பு மரம். மரம் என்னுடையது என்றார் அண்ணன். நிலம் என்னுடையது என்றார் தம்பி. அங்கே நிலம் ஒருவருக்கும் மரம் இன்னொருவருக்கும் இருக்கலாம், நட்டவனுக்குத்தான் மரம். வாக்குவாதம் முற்றியபோது, நான் தங்கிய வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். பட்டையைத் தட்டினார். "இதை உங்கள் அப்பன் நட்டபோது நான்தான் தண்ணீர் கொண்டுவந்தேன். வயிற்றில் எனக்கு இரண்டாவது. அவன் வயசு என்ன, கணக்குப் போடுங்கள்" என்றார். இரண்டாவது மகன் பின்னால் நின்று சிரித்தான். அப்பா நட்ட மரம் என்றால் இருவருக்கும் பொது. விவகாரம் முடிந்தது. ஆனால் நிலப் படிவத்தில் அந்தப் பாட்டியின் பெயர் எங்குமே இல்லை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியலாம் என்று மேலிருந்து சொல்லியிருந்தும், பேனா பிடித்த ஆண்கள் ஆண்கள் பெயரையே எழுதினார்கள். நான் ஒரு தடவை கேட்டேன். வீட்டுக்காரர் என்னை அடுத்த வேலைக்கு அனுப்பிவிட்டார்.

இன்னொன்று வேடிக்கை. நிலநடுக்கத்தில் அந்தத் தீவின் கரைகள் ஒரு மீட்டருக்கு மேல் மேலே தூக்கிக்கொண்டன. பவளப்பாறை முழுக்க வெளியே வந்து செத்து வெளுத்துக் கிடந்தது. நான் போனபோதும் லேசாக நாற்றம் இருந்தது. திடீரென்று இத்தனை ஏக்கர் புது நிலம், யாருக்கு? முன்வரிசை வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கல்லை நட்டுவைத்துவிட்டார்கள். தானா திம்புல், அதாவது தானாக எழுந்த நிலம், சட்டப்படி அரசாங்கத்தினுடையது. தலைவர் கல்லையெல்லாம் பிடுங்கச் சொன்னார். ஒருவர் மட்டும் பிடுங்கவில்லை. தலைவரின் மைத்துனர்.

எனக்கும் நிலம் வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்டேன். 1960-ஆம் வருஷத்து அடிப்படை நிலச் சட்டப்படி வெளிநாட்டானுக்கு முழு உரிமையாக ஒரு அங்குலம்கூடக் கிடையாது என்று சொல்லிச் சிரித்தார்கள். "மரம் வேண்டுமானால் ஒன்று நட்டுக்கொள்" என்றார் வீட்டுக்காரர். நட்டேன்.

இதைப் படித்துவிட்டு அது ஏதோ ராம ராஜ்ஜியம் என்று நினைத்துவிட வேண்டாம். காவல் நிலையம் பைக்கில் மணிக்கணக்கு. டாக்டர் அதைவிடத் தூரம். ஊரில் ஒரு மருத்துவச்சி மட்டும். என் ஆள் ஒருவனுக்கு மலேரியா முற்றி, படகில் கொண்டுபோக எஞ்சினுக்கு எண்ணெய் தேடி ஒரு ராத்திரி போனது. எருமைகள் கட்டாமல் திரியும், தோட்டத்தில் புகுந்தால் வேலி போடாதவன்மேல்தான் குற்றம். திருடன் அகப்பட்டால் சட்டம் வருவதற்குள் கை பேசிவிடும்.

அதை நேரில் பார்த்தேன். ஒரு வீட்டில் காய்ந்த கிராம்பு இரண்டு சாக்கு காணாமல் போனது. பெரிய நிலத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு கொத்தனார்ப் பையன்மேல் பழி விழுந்தது. வேறு பாஷை பேசுகிறவன், ராத்திரியில் வெளியே நின்று சிகரெட் குடிக்கிறவன், வேறென்ன வேண்டும்? கூட்டம் அவனை என் சிமெண்ட் கொட்டகை முன்னால் வைத்து மடக்கியது. ஒருவன் கையில் துடுப்பு. தலைவர் உள்ளாடையோடு ஓடி வந்தார், கக்கத்தில் அந்தப் பள்ளிக்கூட நோட்டு. "இவன் என் புத்தகத்தில் இருக்கிறான். என் வீட்டில் காப்பி குடித்திருக்கிறான். முதலில் என்னைக் கேளுங்கள்" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினார். துடுப்பு இறங்கியது. மூன்றாம் நாள் சாக்கு கிடைத்தது, சொந்தத்திலேயே ஒருவனின் படகுக்கு அடியில். அவனை யாரும் அடிக்கவில்லை. சொந்தக்காரனாயிற்றே.

அந்தப் பையன் பிறகு என்னிடம் ஒன்று சொன்னான். ஆச்சேயில் தனிநாடு கேட்ட போராளிகளுக்கும் ராணுவத்துக்கும் சண்டை நடந்த வருஷங்களில் அவன் ஊரில் ஒவ்வொரு ஆணும் முறைபோட்டு ராத்திரி காவல் நிற்க வேண்டும், நிற்காதவனை ராணுவம் கவனித்துக்கொள்ளும். 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் சமாதானம் கையெழுத்தான பிறகுதான் அவன் அப்பா ராத்திரி தூங்க ஆரம்பித்தாராம். "நோட்டு என்றாலே எனக்குப் பயம்" என்றான். யார் கையில் நோட்டு இருக்கிறது, எதற்கு எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று அன்று புரிந்தது.

2008 பிப்ரவரி 20-ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு மேல் பெரியது வந்தது. 7.4. நான் கட்டிய ஒரு வீட்டின் லிண்டல்மேல் உட்கார்ந்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கினேனா விழுந்தேனா என்று இன்றும் சொல்ல முடியாது. ஊர் முழுவதும் மேட்டுக்கு ஓடுகிறது. நான் மட்டும் என் அறைக்கு ஓடினேன், பாஸ்போர்ட்டும் சம்பளப் பணமும் ஒரு டப்பாவில் இருந்தன. வாசலில் பாட்டி. எழுபதைத் தாண்டியவர். ஒன்றும் பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார், இழுத்தார். மரம் ஏறிய கை அது. என்னைவிட வேகமாக ஏறினார். அந்தப் பாறை வந்தபோது என் கை தானாக அதைத் தடவியது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தோம். கடல் அன்றைக்கு வரவில்லை. யாரும் வருத்தப்படவும் இல்லை, வீணாக ஓடினோம் என்று சலித்துக்கொள்ளவும் இல்லை. பானைத் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, பொழுது சாய இறங்கினோம். தீவில் வேறு இடங்களில் மூன்று பேர் இறந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். டப்பா அறையில் அப்படியே இருந்தது. எனக்குத்தான் அக்காவின் மாமியாரும் நெத்திலியும் நினைவுக்கு வந்து, அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அந்த வருஷமே ஊர் திரும்பிவிட்டேன். வீட்டுக்காரரின் மகன் இப்போதும் போனில் பேசுகிறான். 2014-இல் வந்த கிராமச் சட்டத்துக்குப் பிறகு ஊருக்கு நேராகப் பணம் வருகிறதாம், வரவுசெலவைப் பெரிய பேனராக அடித்து ஊர் முகப்பில் கட்ட வேண்டுமாம். நிலத்துக்கும் இப்போது சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். பாட்டி இல்லை. என் மரம் பூத்துப் பல வருஷமாகிறது. மொட்டு சிவக்கத் தொடங்கியதும், விரியும் முன்னால் பறித்து, காயவைத்து, விற்று, கணக்குச் சொல்கிறார்கள். பணத்தை அங்கேயே பிள்ளைகள் படிப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

என் அக்காவுக்குச் சுனாமி வீடு கிடைத்தது, நன்றாகவே கட்டியிருக்கிறார்கள், நானே கம்பியைத் தட்டிப் பார்த்தேன். ஆனால் இடத்தை அளந்தபோது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடவில்லை. இப்போது இருவருக்கும் நடுவில் ஒன்றரை அடி தகராறு, பட்டா நகரவில்லை. அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்துக்கு இருந்த விளையின், அதாவது தோப்பு நிலத்தின், ஆதாரப் பத்திரம் திருவிதாங்கூர் காலத்து மலையாளத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த ஒரே பெரியவர் ஆஸ்பத்திரியில். அலுவலகத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாலு பக்கத்துக்காரரையும் நிறுத்தி "ஆமாம், இதுதான்" என்று சொல்லவைக்க ஒரு மதியம் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடலுக்கு வருவோம். 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா பக்கம் 8.6 வந்து நம் கரையில் எச்சரிக்கை விட்டார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் கிழக்கே ஓடினோம், கொஞ்சம் பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு கடலைப் படம் எடுக்கப் போனார்கள். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனது உங்களுக்குத் தெரியும். கள்ளக்கடல் என்று ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையத்திலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. கள்ளக்கடல் என்ற சொல் நம் கரைக்கு உண்டு. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது என்ன என்று எப்படித் தெரியும்? காற்றில்லாமல், மழையில்லாமல், தெளிந்த வானத்தில் கடல் திருடனைப்போல ஏறி வரும் என்று கரையில் நின்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஆச்சே மீனவர்கள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை, நாம் ஞாயிறு போவதில்லை. அவர்களுக்குக் கடல் தலைவர் என்று ஒருவர் உண்டு, பங்லீமா லாவுட். நமக்குக் கோயிலின் பங்குப்பேரவை உண்டு. டிசம்பர் 26 அன்றும் அவர்கள் படகு இறக்குவதில்லை. நாம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், மலர் தூவுகிறோம். நல்லதுதான். அதே சாயங்காலம் பிள்ளைகளை ஒரு தடவை மேட்டுக்கு ஓடவைத்தால் என்ன? 2004-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விட்டார்கள். அவர்களுக்கு அது பாடப்புத்தகத்துச் சங்கதி. கரையில் ஒவ்வொரு இறக்கத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரு பலகை வைக்கக் கேட்கிறேன். வடக்கேயிருந்து வந்து நம் வலை வேலையும் கட்டட வேலையும் பார்க்கும் பையன்களின் ஆதார் நகல் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அவர்களில் ஒருவனுக்குக்கூட வழி காட்டவில்லை. நானும் காட்டவில்லை, என் பக்கத்து அறையில் இரண்டு வருஷமாக இருக்கிறார்கள்.

உங்கள் கட்டுரை வந்த பிறகு வந்த ஞாயிறு, பூசை முடிந்து அவர்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டேன். என் பேத்தி இந்தியில் எழுதித் தந்த நாலு வரியை வாசித்தேன். சிரித்தார்கள், ஆனால் வந்தார்கள். அறை வாசலிலிருந்து பள்ளிக்கூட மேடு வரை நடந்தோம். என் நடையில் பதினொரு நிமிடம். ஒரு பையன் ஓடிப் பார்த்துவிட்டு நாலு நிமிடம் என்றான். நேர்வழியில் போனால் இன்னும் குறையும், ஆனால் நடுவில் பூட்டிக் கிடக்கும் அந்த நாலு வீடுகளில் ஒன்றின் கேட் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். சாவி யாரிடம் கொடுத்திருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
மணவாளக்குறிச்சி அருகில்,
கன்னியாகுமரி மாவட்டம்.